படியளப்பவர்கள்

முப்பத்தோரு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியனாக. கடைமடைப் பகுதி. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்துப் பல நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். பள்ளியை நடத்திய ஸ்தாபனத்துக்குத் தலைமை வேறு ஊரில். பணத்தில் ஒரு பகுதி வேறு தேசத்திலிருந்து. பாடத்திட்டம் சென்னையிலிருந்து. உள்ளூர்ச் சரக்கு என்று சொல்ல அங்கே இருந்தது பிள்ளைகள் மட்டும்தான். ஸ்தாபனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால் அதன் அடியில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என் கையெழுத்து இருக்கிறது.

நடவு தொடங்கினால் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். தாய் வயலில் இறங்க வேண்டுமென்றால் கைப்பிள்ளையை வரப்பில் வைத்துக்கொண்டு உட்கார ஒரு ஆள் வேண்டும். அறுப்பு வந்தால் பையன்கள் களத்துக்குப் போய்விடுவார்கள், அரை ஆள் கூலிக்கு. தலைமை அலுவலகம் அனுப்பும் படிவத்தில் மாதவாரி வருகைச் சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். 75க்குக் கீழே போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஒரு தடவை விளக்கம் எழுதினோம். ‘நடவு’ என்று எழுதினோம். அந்தச் சொல் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அடுத்த வருஷம் முதல் வராத பிள்ளைகளுக்கும் வந்ததாகப் போட்டோம். சதவீதம் நிமிர்ந்தது. கடிதம் நின்றது. மதியச் சோற்றுக்கும் மானியத்துக்கும் பங்கமில்லை.

அந்தப் பொய் யாருடையது என்பதுதான் ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடாமல் இருக்கிற கேள்வி. எழுதிய என்னுடையதா, எழுத வைத்த படிவத்தினுடையதா, அல்லது தூரத்தினுடையதா? தூரத்துக்கு ஒழுக்கம் உண்டா?

இப்படிப் பல தேசத்துப் பணமும் பல பாஷைப் பாடமுமாக ஒரு பள்ளிக்கூட வலை நம் மண்ணில் விரிந்தது இன்று நேற்றல்ல. தஞ்சை நாயக்கர் ரகுநாதர் 1620இல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியைக் குத்தகைக்கு விட்டார். 1706 ஜூலை 9இல் அங்கே சீகன்பால்குவும் புளுச்சாவும் வந்து இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். அவர்களுக்குப் பின்னால் இருந்த ஞான பீடம் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய நிறுவனம். சில வருஷத்தில் லண்டன் கிறிஸ்தவ சங்கமொன்றும் பணமும் அச்சு இயந்திரமும் கொடுத்துப் பங்காளியாயிற்று. தரங்கம்பாடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி, கலப்பின, அடிமைப் பிள்ளைகளுக்குப் போர்த்துக்கீசியப் பள்ளி, கோட்டைக்குள் டேனிஷ். மூன்று தலைநகரங்கள், நாலைந்து பாஷைகள், ஒரு கடற்கரை. இன்று இதற்குப் பன்னாட்டு வலையமைப்பு என்று பெயர் கொடுப்பார்கள், மாநாடு போடுவார்கள். அன்று கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு கிழட்டு வாத்தியாரை அவருடைய திண்ணைப் பள்ளியோடு தன் வீட்டுக்கு வரச் செய்து, பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தைச் சீர்திருத்த வந்தவன் முதலில் அதில் கடைசி மாணவனாக உட்கார்ந்தான். எங்கள் ஸ்தாபனத்திலிருந்து வந்துபோன பார்வையாளர்களை நினைத்துக்கொள்கிறேன். நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு முதலில் துபாஷியாக உதவிய அழகப்பனுக்குத் தமிழ், போர்த்துக்கீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு தெரியும். அவன் எந்தப் பன்மொழிப் பள்ளியிலும் படித்ததாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் படித்தான்.

இரண்டு வருஷத்துக்குள் சீகன்பால்கு நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதிவிட்டார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூலொன்று எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அது அச்சேறவில்லை. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பிய ஆள் அஞ்ஞானத்தை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது பிராங்கேயின் எண்ணம். புத்தகம் 1867 வரை காத்திருந்து சென்னையில் அச்சாயிற்று. ஆனால் அவருடைய கடிதங்களும் தரங்கம்பாடி அறிக்கைகளும் ஹாலேயில் 1710 முதல் தொடர்ந்து அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. கொடையாளிகள் படிப்பதற்காக. படிப்பவர்களுக்கு மனம் நெகிழ வேண்டும், ஆகவே அச்சுக்குப் போகும் முன் வெட்டித் திருத்தினார்கள். எங்கள் பதிவேட்டை நான் திருத்தியதற்கு இது முன்மாதிரி என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. தூரத்திலிருந்து சோறு வரும் பள்ளிக்கூடத்தில் முதலில் திருத்தப்படுவது பள்ளிக்கூடம் அல்ல, அதைப் பற்றிய அறிக்கை.

இப்போது கோபன்ஹேகன். 1714இல் அரசர் அங்கே ஒரு மிஷன் குழுவை ஏற்படுத்தினார். அதன் காரியதரிசி வென்ட் என்பவர். சீகன்பால்குவின் கடைசி வருஷங்களைக் கசப்பாக்கியது வென்டின் கடிதங்கள் என்பது எல்லோரும் எழுதுவது. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23இல் முப்பத்தாறு வயதில் இறந்தார். அந்தக் கடிதங்கள் கொன்றன என்றுகூட எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை, மனுஷர் ஏற்கெனவே உடம்பால் ஓய்ந்து போயிருந்தார். நம் கதைகளில் தூரத்து அதிகாரி எப்போதும் வில்லன் என்பது சுலபமான ஏற்பாடு. வென்ட் முட்டாளல்ல. வீடு, கோயில், பள்ளிக்கூடம், சமையலறை என்று கட்டிக்கொண்டே போவது அப்போஸ்தலர் வழியல்ல. எளிமையாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், கட்டடத்தை அந்த ஜனங்கள் தாங்களே கட்டிக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. படிக்கும்போது எனக்கு ஒரு கணம் அவர் பக்கம் நியாயம் தெரிகிறது. இன்றைய மொழியில் அவர் கேட்டது இதுதானே: நீங்கள் பிள்ளைகளைச் சோறு போட்டு வாங்குகிறீர்களா?

இந்தக் கேள்வியைக் கோபன்ஹேகனில் கேட்பது வேறு, காவிரிக் கரையில் கேட்பது வேறு. இங்கே ‘படியளப்பது’ என்பது கடவுளுக்கும் சொல்லும் வார்த்தை, மிராசுதாருக்கும் சொல்லும் வார்த்தை. இரண்டும் ஒரே வார்த்தையாக இருப்பதில்தான் தஞ்சாவூரின் முழுச் சரித்திரமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட சண்டையின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பிரதேசத்தில், சோற்றுக்காகத்தான் பிள்ளை பள்ளிக்கு வருகிறது என்று யாராவது குறையாகச் சொன்னால் எனக்கு அது புரிவதில்லை. வேறு எதற்காக வர வேண்டும்? 1781இல் ஹைதரின் படை டெல்டாவைப் பாழாக்கி, வாய்க்கால் சிதைந்து, பஞ்சம் வந்தபோது தஞ்சாவூர்க் கோட்டையில் ஷ்வார்ட்ஸ் அரிசி வாங்கிச் சேமித்து ஜனங்களுக்குப் போட்டார். பிழைத்த அநாதைகள் அவருடைய பள்ளியில் படித்தார்கள். ஷ்வார்ட்ஸின் வளர்ப்புப் பிள்ளை போல இருந்த இரண்டாம் சரபோஜி பின்னால் ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தில் சோற்றையும் பாடசாலையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். 1920இல் சென்னை மாநகராட்சியில் ஜஸ்டிஸ் கட்சி, 1956இல் காமராஜ், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலைச் சிற்றுண்டி: எல்லாம் அந்தப் பட்டியலில்தான். சோறு வெட்கப்பட வேண்டிய காரணமாக இருந்தால் இந்த மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் வெட்கத்தில் பிறந்தவர்கள்.

ஆனால் வென்டின் கேள்வி அதோடு செத்துவிடுவதில்லை. சோறு போட்டவனுக்குப் பாடத்தை முடிவுசெய்யும் உரிமை வந்துவிடுகிறதா என்பதுதான் அதன் அடிமடை. படியளப்பவன் படியோடு நிறுத்திக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஷ்வார்ட்ஸ் இங்கே சுவாரஸ்யமான ஆள். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியில் இருந்து, 1778இல் தஞ்சாவூரில் தங்கிவிட்டவர். தமிழ், மராத்தி, பாரசீகம், ஹிந்துஸ்தானி, போர்த்துக்கீசியம், ஆங்கிலம் எல்லாம் பேசுவார். தஞ்சாவூரில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த சல்லிவனும் அவரும் யோசித்து தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊரிலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கினார்கள். 1787இல் லண்டன் டைரக்டர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் வருஷத்துக்கு 250 வராகன் ஒதுக்கினார்கள். துபாஷி இல்லாமல் கும்பினியும் ஜனங்களும் நேராகப் பேசிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். மதம் மாற்றக் கள்ளத்தனமாக எதுவும் செய்வதில்லை என்று ஷ்வார்ட்ஸ் சொன்னார், அது போலவே நடந்ததாகவும் தெரிகிறது. பிராமணப் பிள்ளைகளும் மராத்தியப் பிள்ளைகளும் வந்தார்கள். வற்புறுத்தி வந்ததல்ல. ஆங்கிலம் வேண்டும் என்று வந்தார்கள். அதாவது, மெக்காலே பிறப்பதற்கு (1800) பல வருஷம் முன்பே தஞ்சாவூரில் ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து ஆங்கில வகுப்பில் உட்கார வைத்தான். நம் மேடைகளில் இந்தத் தகப்பனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நமக்கு மெக்காலே போதும்.

மணல் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பையன்களின் விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். உபாத்தியாயர்கள் முரண்டியபோது பையன்களையே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்று பெயராகி, இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை அதில் உட்கார வைத்தார்கள். ஒரு வாத்தியாரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பேருக்கு, மலிவாக. நம் திண்ணையிலும் சட்டாம்பிள்ளை உண்டு. ஆனால் திண்ணை வாத்தியார் யாருக்கும் அறிக்கை எழுதவில்லை, ஆகவே அவரிடம் முறை எதுவும் இருந்ததாக உலகத்துக்குத் தெரியவில்லை.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால் தூரத்தில் இருப்பவன் தப்பு, பக்கத்தில் இருப்பவன், பாஷை தெரிந்தவன் சரி என்று ஒரு முடிவுக்கு வண்டி போவது போலிருக்கும். வெகுநாள் நானும் அங்கேதான் வண்டியை நிறுத்தியிருந்தேன். கிளப்பியது இன்னொரு கடிதம்.

தரங்கம்பாடி, தஞ்சாவூர்ச் சபைகளில் நூறு வருஷத்துக்கு மேல் சாதிக்கொரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். ஐரோப்பியப் போதகர்கள் இதைப் பார்த்தார்கள், சங்கடப்பட்டார்கள், போகப் போகச் சரியாகும் என்றார்கள். ஷ்வார்ட்ஸும் இதோடு சமாதானமாகப் போனவர்தான். தஞ்சை ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்து வந்த ராஜநாயக்கன் என்ற பறையர் எத்தனையோ வருஷம் உபதேசியாராக ஊர் ஊராக அலைந்தும் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. 1733இல் அது கிடைத்தது வேளாளரான ஆரோனுக்கு. உள்ளூர் நிலவரம் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு. பிறகு 1833இல் கல்கத்தாவிலிருந்து பிஷப் வில்சன் ஒரு கடிதம் அனுப்பினார்: சபைக்குள் சாதி உடனே, முற்றாக ஒழிய வேண்டும், தவணை கிடையாது என்று. தமிழ் தெரியாதவர், தஞ்சாவூரில் வாழாதவர், தூரத்து அதிகாரி. எல்லா லட்சணமும் பொருந்திய ஆள். தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்களில் முன்னே நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். ஷ்வார்ட்ஸின் மாணவர், தஞ்சாவூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய கவிஞர். தமிழின் நுணுக்கமெல்லாம் அவர் பக்கம். அனுபவம் அவர் பக்கம். ஊர் அவர் பக்கம். நியாயம் மட்டும் வில்சன் பக்கம்.

இந்த இடத்தில் எனக்குக் கால் தடுக்குகிறது. கோபன்ஹேகன் கடிதம் தப்பு, கல்கத்தா கடிதம் சரி என்று சொல்ல எனக்கு எது அளவுகோல்? மண்ணிலிருந்து பேசுகிறோம் என்று நம் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறோம். மண்ணில் வரப்பும் உண்டு. வரப்பை வெட்டியவன் மண்ணைச் சேர்ந்தவன்தான். வெளியிலிருந்து வருகிறவன் வரப்பைத் தாண்டி வருவதாலேயே அது அவன் காலில் இடறுகிறது. எங்களுக்கு நடந்து நடந்து பழகிவிட்டது. ஆனால் அதே வெளியாள்தான் ‘நடவு’க்குக் கட்டம் இல்லாத படிவத்தையும் அனுப்புகிறான். அவன் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் எது எந்த ஜாதிக் கடிதம் என்று தெரிவதில்லை.

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. மாணவர் எண்ணிக்கை குறைகிற பள்ளிகளிலெல்லாம் தமிழ் வகுப்புகளில் ஒன்றை எடுத்துவிட்டு, கட்டணத்தோடு ஆங்கில வகுப்பு தொடங்க வேண்டும். ‘சீரமைப்பு’ என்று தலைப்பு. நான் எதிர்த்து எட்டுப் பக்கம் எழுதினேன். தாய்மொழியில் கற்பது பற்றி, சிந்தனை பற்றி, எல்லாம் எழுதினேன். இப்போது படித்தாலும் அதில் தப்பில்லை. பெற்றோர் கூட்டத்தில் அதையே பேசினேன். நான் பேசி முடித்ததும் பின்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், நடவாள், எழுந்து கேட்டாள்:

“ஏன் சார், உங்க புள்ள எதுல படிச்சிச்சு?”

என் மகன் கும்பகோணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்தான். அது ஊருக்கே தெரியும். அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், வாத்தியார் செய்தது சரியாகத்தான் இருக்கும், அதைத் தானும் செய்யலாம் என்று. நான் தண்ணீர் குடித்தேன். தீர்மானப் புத்தகம் வந்தது. முதல் கையெழுத்து என்னுடையது.

அடுத்த ஜூனில் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் தாழ்வாரத்துக்குத் தெற்கே போனார்கள். வடக்கே தமிழ் வகுப்பில் மிஞ்சியவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தவிர எல்லாம் ஒரே தெருப் பிள்ளைகள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கேள்வி கேட்ட அம்மாளின் பிள்ளையும் அங்கேதான் இருந்தது, கட்டணம் கட்ட முடியவில்லை. சாதிக்கொரு பக்கம் உட்கார வை என்று எந்தக் கடிதமும் சொல்லவில்லை. வில்சன் நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் எடுக்கச் சொன்ன இடைவெளி எங்கள் பள்ளியில் ஆறடித் தாழ்வாரமாக வந்து படுத்துக்கொண்டது. தலைமை அலுவலகத்தில் எண்ணிக்கை ஏறியதற்குப் பாராட்டினார்கள்.

ஷ்வார்ட்ஸ் நினைவாக லண்டனில் பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் பலகை தஞ்சாவூர்ச் சிறிய கோட்டைக்குள் அந்த மாதா கோயிலில் இருக்கிறது. சாகக் கிடக்கும் கிழவரை சரபோஜி பார்க்க வந்திருக்கும் காட்சி. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள். பெரிய குளத்துப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே போய்ப் பார்ப்பேன். ராஜா யார், குரு யார் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது.

எங்கள் பதிவேட்டில் எல்லோருக்கும் பெயர் உண்டு. ஒரு வருஷம் தலைமை அலுவலகம் நூறு சதவீத வருகைக்குப் பரிசு என்று அறிவித்து, நாங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்து அவர்களே பெயர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். ஐப்பசி முழுக்க அவள் பள்ளிக்கு வரவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்ததை நானே சைக்கிளில் போகும்போது பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் வந்து ஆஜர் போட்டேன். விழாவில் பெயர் கூப்பிட்டார்கள். எவர்சில்வர் டம்ளர். மேடையில் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கையை நீட்டாமல் நின்றாள்.

“நான் வரலியே சார்” என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

“வாங்கிக்க” என்றேன்.